கையால் ஆன வீடு: எங்கள் பெண்களின் கைப்பணியும் சிக்கனமும்

ஒரு பாடசாலையின் வரலாற்றை எழுத முற்படுவோர் அதிபர்களின் பெயர்ப் பட்டியல், கட்டடங்கள் எழும்பிய ஆண்டுகள், பரீட்சைப் பெறுபேறுகள், வலைப்பந்தாட்ட வெற்றிகள் ஆகியவற்றையே முதலில் தேடுவர். அவை தேடப்பட வேண்டியவையே. ஆனால் தையல் அறையைப் பற்றி ஒரு பந்திக்கு மேல் எழுதப்பட்ட மலரைக் காண்பது அரிது. வைத்தியரான மாணவியின் பெயர் பலகையில் இருக்கும். அவளுக்கு ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்த ஆசிரியையின் பெயரோ அவரிடம் படித்தவர்களின் நினைவில் மட்டும் இருக்கும்.

இருந்தும், பழைய மாணவி ஒருத்தியின் வீட்டுக்கு ரொறன்ரோவிலோ, இலண்டனிலோ, வெள்ளவத்தையிலோ, பருத்தித்துறையிலோ போனால், அங்கே கையால் செய்த பொருள் ஒன்றாவது கண்ணில் படும். பழைய சேலையில் தைத்த தலையணை உறை, கொக்கிப்பின்னலில் பின்னிய மேசை விரிப்பு, சுவரில் நிறநூலால் எழுதி கண்ணாடிச் சட்டமிட்ட ‘நல்வரவு’. காசு குறைந்த காலத்தில் வீட்டை அழகாக வைத்திருக்கக் கற்ற ஒரு நீண்ட பரம்பரையின் எச்சங்கள் இவை. அந்தப் பரம்பரையைப் பற்றியதே இக்கட்டுரை.

ஓலையில் தொடங்கிய கலை

பாடசாலை வருவதற்கு முன்னரே எங்கள் பெண்களுக்குக் கைப்பணி இருந்தது. யாழ்ப்பாணத்திலே அதன் மூலப்பொருள் பனை. குருத்தோலையை வெட்டி, வெயிலில் காயவிட்டு, ஈரப்பதத்தில் இளகவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து எடுப்பது முதல் வேலை. பின்னர் பெட்டி இழைப்பது, பாய் இழைப்பது, கடகம் பொத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கைப்பழக்கம் வேண்டும். புட்டு அவிக்க நீத்துப்பெட்டி, புடைக்கச் சுளகு, சுமக்கக் கடகம், வெற்றிலைக்கும் சில்லறைக்கும் கொட்டைப்பெட்டி, படுக்கப் பாய், வெக்கைக்கு விசிறி. ஒரு குடும்பத்துக்குத் தேவையான பாத்திர பண்டங்களில் பாதி காசு கொடுக்காமலே கிடைத்தது.

இவற்றிலே அழகும் இருந்தது. சாயம் கரைத்துக் கொதிக்கவைத்த நீரில் ஒரு பகுதி ஓலையைத் தோய்த்து, சிவப்பும் பச்சையும் ஊதாவும் இடையிட்டு இழைத்த பெட்டி, பயன்பாட்டுக்கு எந்த வகையிலும் கூடுதல் பலன் தருவதில்லை. அந்த நிறங்கள் கண்ணுக்காக மட்டுமே. வீட்டுக்காரி தன் நேரத்தில் ஒரு பங்கை அழகுக்கென ஒதுக்கினாள் என்பதற்கு அதுவே சாட்சி. கிழக்கிலே பனை குறைந்த இடங்களில் பன் புல்லில் பாய் இழைத்தார்கள். மருதமுனைத் தறிகளிலே சேலையும் சாரமும் நெய்தார்கள். சாணத்தால் மெழுகிய தரை, வாசலில் கோலம், நல்ல நாளில் மாவிலையும் குருத்தோலையும் சேர்ந்த தோரணம், நிறைகுடம் ஆகிய எல்லாம் வளவுக்குள்ளேயே கிடைத்த பொருட்களால் ஆன அலங்காரங்கள். அவற்றை யாரும் அலங்காரக் கலை என்று அழைக்கவில்லை. வீட்டுவேலை என்றே அழைத்தார்கள். வரலாற்றில் இடம் கிடைக்காமற் போனதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம்.

ஊசியும் நூலும் பாடமானபோது

உடுவிலில் 1824இல் அமெரிக்க மிஷனரிமார் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார்கள். 1834இல் வேம்படி, 1896இல் சுண்டுக்குளி, 1913இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் நிறுவிய இராமநாதன் கல்லூரி என்று பெண்கல்வி விரிந்தது. உடுவிலில் 1840 தொடக்கம் 1879 வரை பணியாற்றிய எலைசா அக்னியூ அம்மையார் மூன்று தலைமுறைப் பெண்களைக் கண்டவர். எழுத்தும் வாசிப்பும் கணக்கும் கற்பித்த இடங்களில் ஊசிவேலையும் கூடவே கற்பிக்கப்பட்டது.

இதற்கு இரண்டு முகங்கள் உண்டு. பெண் பிள்ளை படித்தால் கெட்டுப்போவாள் என்று பயந்த பெற்றோருக்குத் தையல் ஒரு சமாதானம். ‘வீட்டுக்கு உதவுகிற படிப்பும் சொல்லிக்கொடுக்கிறார்கள்’ என்று சொல்லக்கூடியதாக இருந்தது. அந்தச் சமாதானத்தின் நிழலிலேதான் பல பெண்கள் வாசிக்கக் கற்றார்கள். மறுபுறம், பெண்ணுக்கு ஊசி போதும் என்ற எண்ணத்துக்கும் அதே பாடம் இடம்கொடுத்தது. பெண்கள் பாடசாலைகளில் தையல் அறை வந்து நெடுங்காலம் கழித்தே விஞ்ஞான ஆய்வுகூடம் வந்தது. ஆகையால் தையல் அறையை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போவது நேர்மையாகாது. சிலருக்கு அது கதவாகவும் சிலருக்கு வேலியாகவும் இருந்தது.

பாடம் கொண்டுவந்த புதுமை என்ன? ஓலைவேலை தாயிடமிருந்து மகளுக்குப் பார்த்துப் பார்த்து வந்தது. பாடசாலையோ அளவு நாடாவையும் கடதாசி மாதிரியையும் கொடுத்தது. ஓட்டுத்தையல், சங்கிலித்தையல், பொத்தான்துளைத் தையல் என்று ஒவ்வொன்றையும் ஒரு துண்டுத் துணியில் தைத்து, கொப்பியில் ஒட்டி, பெயர் எழுதி, புள்ளி வாங்கினோம். அந்தக் கொப்பியிலே ஒரு கோணல் தையலையும் ஒளிக்க முடியாது. மனையியல் என்றும் பிற்காலத்தில் மனைப்பொருளியல் என்றும் அழைக்கப்பட்ட பாடத்தில் வரவுசெலவுத் திட்டமும் வந்தது. உள்ள பணத்துக்குள் எதை வாங்குவது, எதைச் செய்வது, எதைத் திருத்துவது என்று எழுதிப் பார்க்கும் பழக்கம் பலருக்கு அங்கேதான் ஏற்பட்டது.

தட்டுப்பாட்டுக் காலங்கள்

இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கடையில் கிடைக்காததை வீட்டில் செய்துகொள்ள வேண்டிய நிலை. பின்வந்த ஆண்டுகளிலே கோதுமை மா வந்த துணிப்பைகள் எங்கள் வீடுகளில் இரண்டாம் பிறவி எடுத்தன. பையின் தையலை அறுக்காமல் நூலைப் பக்குவமாக உருவி எடுத்து, அந்த நூலையும் சுற்றி வைத்து, எழுத்து மங்கும்வரை அவித்துத் தோய்த்து, உள்பாவாடை, தலையணை உறை, குசினித் துணி என்று தைத்தார்கள். ஓரத்தில் நிறநூலால் இரண்டு பூப் போட்டுவிட்டால் அது மாப்பை என்பது தைத்தவருக்கு மட்டுமே தெரியும்.

1970 முதல் 1977 வரையான காலத்தில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. வடக்கிலே வெங்காயமும் மிளகாயும் செய்த கமக்காரருக்கு அது நல்ல காலம். வெளிநாட்டுத் துணியையும் அலங்காரப் பொருளையும் எதிர்பார்த்தவர்களுக்கு இல்லாக் காலம். 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில் சார்ந்த பாடங்களை எல்லாப் பாடசாலைகளுக்கும் கொண்டுவந்ததால் கைவேலைக்குப் புதிய மதிப்பு ஏற்பட்டது. முட்டைக்கோதை நொறுக்கி ஒட்டிய படம், தேங்காய்ச் சிரட்டையை உரைஞ்சி மினுக்கிய கிண்ணம், நெல்மணியில் எழுதிய வாழ்த்து, தும்பில் செய்த கால்துடைப்பான், வெட்டுத் துணிகளை ஒட்டித் தைத்த படுக்கை விரிப்பு ஆகியவை கண்காட்சி மேசைகளை நிறைத்தன. எறியவேண்டியதை எடுத்து வைக்கும் பழக்கம் அன்று ஒரு கொள்கை அல்ல; அன்றாடம்.

1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்தது. பிளாஸ்ரிக் வாளியும் கூடையும் பூவும் மலிந்தன. கடகம் கொல்லைக்குப் போனது, நீத்துப்பெட்டியின் இடத்தை அலுமினியக் குழல் பிடித்தது. பனை அபிவிருத்திச் சபை 1978இல் உருவாகி, பன்னவேலையை வருமானம் தரும் தொழிலாக வளர்க்க முனைந்தது. ஆயினும் வீடுகளில் அது ‘பழைய காலத்து வேலை’ ஆகத் தொடங்கிவிட்டது. அந்த வேலையின் தேவை திரும்பிவரும் என்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

பொருளாதாரத் தடையும் ஜாம் போத்தலும்

1990 யூனில் மீண்டும் போர் மூண்டது. யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், பற்றரி, சீமெந்து முதலான பல பொருட்களுக்குத் தடை. மண்ணெண்ணெய் பொன்விலை விற்றது. அந்த நாட்களில் எங்கள் வீடுகளில் பிறந்த ஜாம் போத்தல் விளக்கை அறியாதவர்கள் அக்காலத்தில் அங்கே இருந்திருக்க மாட்டார்கள். வெறும் போத்தலின் அடியில் சிறிது பஞ்சு. பஞ்சு நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய். மெல்லிய உலோகத் துண்டொன்றில் செருகிய நூல்திரி. சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் காற்று அணைக்காது, போத்தலே சிமினியாகிவிடும். எண்ணெய் தளும்பி ஊற்றுண்ணவும் மாட்டாது. குப்பி விளக்கு ஓர் இரவில் குடிக்கும் எண்ணெயில் இது பல இரவுகள் எரிந்தது. இந்த வெளிச்சத்தில் படித்துப் பல்கலைக்கழகம் போனவர்கள் இம்மலரை வாசிப்போரிலும் பலர் இருப்பீர்கள்.

சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டோம். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தோம். புதினப் பத்திரிகைகள் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சாகின. இந்தக் காலத்திலும் கலியாணங்கள் நடந்தன, சாமத்தியச் சடங்குகள் நடந்தன. மணவறைக்கு நிறக் கடதாசி இல்லையென்றால் குருத்தோலையில் கிளியும் பூவும் செய்தார்கள். பெரியம்மாவின் கூறைச்சேலை பின்திரையானது. அம்மம்மா மறந்துபோனதாக நினைத்த பின்னல்கள் அவருடைய விரல்களுக்கு மறக்கவில்லை. பிளாஸ்ரிக் வந்த பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்குள் அந்த அறிவு முற்றாக அழிந்துவிடாமல் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். இன்னொரு தலைமுறை தாமதித்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திராது.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு நடந்தோம். அடையாள அட்டை, காணி உறுதி, நகை, ஒரு மாற்றுடுப்பு. தையல் கொப்பியை எடுத்தவர் அநேகமாக எவருமில்லை. திரும்பி வந்தவர்கள் பலர் கூரையில்லாத வீட்டையே கண்டார்கள். புத்தகம் அச்சில் இருந்தால் மறுபடி வாங்கலாம். ஒரு பெண் தன் கையால் வரைந்து வைத்த பூவேலை மாதிரிகளுக்கு மறுபிரதி கிடையாது.

சேலைகள் மண்மூட்டைகளானபோது

இந்த வரலாற்றில் எழுதுவதற்குக் கடினமான பக்கம் ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டு ‘கைப்பணி’ என்று எழுதுவது சரியல்ல. 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னியில் மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது, பதுங்குகுழிக்கு வைக்கச் சாக்கு இருக்கவில்லை. பெண்கள் தங்கள் சேலைகளை வெட்டி, பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி அடுக்கினார்கள். கோயிலுக்கு உடுத்த சேலை, கலியாணத்துக்கு உடுத்த சேலை, மகளுக்கென வைத்திருந்த சேலை. அந்தக் குழிகளின் விளிம்பில் பட்டுக் கரைகளும் பூக்களும் தெரிந்தன. அப்பைகளை மூடிய தையலை யாரோ ஓர் ஆசிரியை, ஏதோ ஒரு பாடசாலையில், ‘நெருக்கமாகப் போடுங்கோ பிள்ளையள், இல்லாட்டி பிரிஞ்சிடும்’ என்று சொல்லித்தான் கற்பித்திருப்பார். எதற்குப் பயன்படப்போகிறது என்று அவருக்கும் தெரியாது, கற்றவர்களுக்கும் தெரியாது.

போருக்குப் பின்னர், துணையை இழந்து குடும்பப் பொறுப்பை ஏற்ற பெண்கள் பலருக்குத் தையல் இயந்திரமும் பனையோலையுமே முதல் வருமானம் தந்தன. அந்த வருமானம் சிறியது. ஒரு நாள் முழுக்க இழைத்த பெட்டிக்கு, அதைக் கொழும்புக் கடையில் அழகுப்பொருளாக வாங்குபவர் கொடுக்கும் விலையில் எவ்வளவு பங்கு இழைத்தவரின் கைக்குப் போகிறது என்பது நாங்கள் கேட்கவேண்டிய கேள்வி. வீட்டுவேலை என்று பெயரிட்டு இலவசமாக்கப்பட்ட உழைப்புக்கு, சந்தைக்கு வந்த பின்னரும் உரிய விலை கிடைப்பதில்லை.

எங்களிடம் எஞ்சியிருப்பது

இன்று பழையதைப் புதுக்கிப் பயன்படுத்துவது உலகெங்கும் நாகரிகமாகிவிட்டது. ஜாம் போத்தலில் விளக்குச் செய்து விருந்து மேசையில் வைப்பதைப் பார்க்கும் எங்களில் பலருக்குச் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். எங்கள் பேரப்பிள்ளைகள் அதை அழகுக்காகச் செய்கிறார்கள் என்பதில் மகிழ்ச்சியே. அது ஒரு காலத்தில் எதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் அவர்கள் அறிந்திருந்தால் இன்னும் நல்லது.

பழைய மாணவிகளான எங்களால் செய்யக்கூடிய காரியம் பெரிய செலவுள்ளதல்ல. உங்கள் வீட்டில் இருக்கும் பழைய தையல் கொப்பி, கொக்கிப்பின்னல் விரிப்பு, ஓலைப்பெட்டி ஆகியவற்றைப் படமெடுத்து, செய்தவர் பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். அம்மாவோ மாமியோ இன்னும் இருக்கிறார்களாயின், அவர்கள் கைகள் வேலைசெய்யும்போது கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். வாயால் விளக்க முடியாததை விரல்கள் காட்டும். உங்களுக்குத் தையலும் மனையியலும் கற்பித்த ஆசிரியைகளின் பெயர்களைச் சங்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். அதிபர்களின் பெயர்களுக்கு அருகே அந்தப் பெயர்களும் ஒரு பலகையில் ஏறவேண்டும். அந்தப் பலகையின் எழுத்துக்களைப் பொன் வண்ணத்தில் எழுதுவிப்பதா, நிறநூலால் தைத்துச் சட்டமிடுவதா என்பதை வேண்டுமானால் அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசித் தீர்மானிக்கலாம். இரண்டாவதைச் செய்யக்கூடியவர்கள் எங்களுக்குள் இன்னும் இருக்கிறார்கள்.