பறிபோனது மீளும் கதை: கொங்குநாட்டு ரசிகர்களின் கதைவகை விருப்பம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே உள்ளது திருமுருகன்பூண்டி. அங்குள்ள முருகநாதர் கோயில் மண்டபத்தில் சுந்தரருக்கு இரண்டு சிற்பங்கள் உண்டு. ஒன்றில் அவர் பொருளைப் பறிகொடுத்து முகம் வாடி நிற்கிறார். மற்றொன்றில் அதைத் திரும்பப் பெற்று முகம் மலர்ந்திருக்கிறார். வேடன் கோலத்தில் வில்லேந்திய சிவபெருமானும் அங்கே இருக்கிறார்.

இச்சிற்பங்கள் சொல்லும் நிகழ்ச்சி பெரியபுராணத்தில், கழறிற்றறிவார் நாயனார் புராணத்தில் வருகிறது. சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய செல்வத்தோடு சுந்தரர் திரும்பும் வழியில், சிவனின் பூதகணங்களே வேடராக வந்து அதைக் கொள்ளையிடுகின்றன. சுந்தரர் கோயிலுக்குள் சென்று இறைவனிடமே முறையிட்டுப் பதிகம் பாடுகிறார். பறிபோன பொருள் அனைத்தும் மீள்கிறது. வழிப்பறி, மாறுவேடம், முறையீடு, மீட்பு என நான்கு படிகள் கொண்ட கதை இது. கள்வனைப் போலத் தோன்றியவன் கள்வனல்லன் என்பது அதன் திருப்பம்.

20ஆம் நூற்றாண்டில் கொங்குப் பகுதியில் உருவாகி ரசிகர்களின் மனத்தில் இடம்பிடித்த திரைப்பட, நாவல் வகைகளில் இதே அமைப்பு எவ்வாறு தொடர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. படைப்பாளிகள் பூண்டிக் கதையைப் பார்த்து எழுதினார்கள் என்பது இதன் வாதமன்று. மாறுவேடக் கதைகள் தமிழ்நாடெங்கும் உண்டு. சாமி படம், ராஜா ராணி படம், சண்டைப் படம், துப்பறியும் கதை என்று ரசிகர்கள் வேறு வேறாகப் பெயரிட்டு அழைத்த வகைகளுக்குள், பறிபோனது திரும்ப வேண்டும் என்ற ஒரே வேட்கை ஓடுகிறது என்பதே இதன் வாதம்.

கொட்டகையிலிருந்து ஸ்டுடியோவுக்கு

இப்பகுதியின் திரைப்பட வரலாறு சாமிக்கண்ணு வின்சென்டிடம் தொடங்குகிறது. ரயில்வேயில் பணியாற்றிய அவர், 1905இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவர் காட்டிய தொடக்கப் படங்களுள் ஒன்று இயேசுவின் வாழ்க்கை பற்றியது. 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரத் திரையரங்கைக் கட்டினார். அந்தச் சாலை இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது.

1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் பஞ்சாலைகள் பெருகின. ஆலைத் தொழிலில் சேர்ந்த பணத்தில் ஒரு பங்கு படத்தொழிலுக்கும் வந்தது. ஆலைத் தொழிலாளியின் கூலியில் ஒரு பங்கு தரை டிக்கெட்டுக்குச் சென்றது. 1930களின் நடுவில் கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸும் எழுந்தன. 1945இல் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு கோவையில் பட்சிராஜா ஸ்டுடியோவைத் தொடங்கினார். சென்னைக்கு வெளியே இத்தனை படப்பிடிப்பு நிலையங்கள் அடுத்தடுத்து அமைந்த வேறு பகுதி தமிழ்நாட்டில் இல்லை.

முதற்கட்டத்தில் பக்திப் படங்களும் புராணப் படங்களும் மேலோங்கின. முசிரி சுப்பிரமணிய ஐயர் நடித்த ‘துக்காராம்’ (1938), தியாகராஜ பாகவதரின் ‘சிவகவி’ (1943) ஆகியவை சென்ட்ரல் ஸ்டுடியோவோடு இணைந்த படங்கள். பி.யு. சின்னப்பாவின் ‘ஜகதலப்பிரதாபன்’ (1944) ரசிகர்களை மாயாஜாலத்தின் பக்கம் இழுத்தது. ஜூபிடர் பிக்சர்ஸின் ‘ராஜகுமாரி’ (1947) எம்.ஜி.ஆரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கியது. சாமி படத்தில் தெய்வம் செய்த வேலையை, ராஜா ராணி படத்தில் வாளேந்திய இளைஞன் செய்யத் தொடங்கினான்.

நல்ல கள்ளன் என்னும் நாயகன்

1950களின் முதற்பாதியில் இந்த மாற்றம் முழுமை பெற்றது. கே. ராம்நாத் இயக்கிய ஜூபிடரின் ‘மர்மயோகி’ (1951) அதன் முதல் பெரிய சான்று. அரசைப் பறித்தவளுக்கு எதிராகக் காட்டிலிருந்து போராடும் கரிகாலனாக எம்.ஜி.ஆர். நடித்தார். இறந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய மன்னன் யோகியாகவும் ஆவியாகவும் உலவி, இறுதியில் உயிரோடு வெளிப்படுகிறான். அந்த ஆவிக் காட்சிகளால் வயது வந்தோருக்கான ‘ஏ’ சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படம் இதுவென்பர். பேய்ப் படத்தின் அச்சமும் சண்டைப் படத்தின் வேகமும் ராஜா ராணி படத்தின் அரியணையும் இதில் ஒன்றுகலந்தன. வகைகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு வருவதில்லை, ஒன்றனுள் ஒன்று புகுந்து வளர்கின்றன என்பதற்கு ‘மர்மயோகி’ நல்ல எடுத்துக்காட்டு.

பட்சிராஜாவின் ‘மலைக்கள்ளன்’ (1954) இந்த வகையின் உச்சம். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் நாவலுக்கு மு. கருணாநிதி திரைவடிவம் தந்தார். ஊரே அஞ்சும் மலைக்கள்ளன் வேறொரு பெயரில் ஊருக்குள் மதிப்போடு வாழ்கிறான். எளியோருக்கு அவனால் தீங்கில்லை; களவு போனதாகக் கருதப்பட்ட பெண் அவனால் காக்கப்படுகிறாள். வேடனாக வந்தவன் காவலனே என்ற பூண்டியின் திருப்பத்தை இங்கே புதிய உடையில் காண்கிறோம். தமிழில் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற இக்கதை தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி, சிங்களம் என ஐந்து மொழிகளுக்கும் சென்றது. இந்தியில் திலீப் குமார் நடித்த ‘ஆசாத்’ (1955) படத்தையும் ஸ்ரீராமுலு நாயுடுவே இயக்கினார்.

கோவை இராமநாதபுரத்துக்காரரான சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர், ரஞ்சனை வைத்து ‘நீலமலைத் திருடன்’ (1957) எடுத்தார். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாக வந்தது. இரண்டின் தலைப்பிலும் திருடன் இடம்பெற்றிருப்பது அக்கால ரசனைக்குச் சான்று.

திருடனிலிருந்து துப்பறிவாளனுக்கு

அதே மாடர்ன் தியேட்டர்ஸ் 1950இல் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலைத் ‘திகம்பர சாமியார்’ என்று படமாக்கியிருந்தது. சாமியார் உருவில் துப்பறிபவராக எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். மாறுவேடம் இங்கே கள்ளனிடமிருந்து துப்பறிவாளனின் கைக்கு வருகிறது. 1960களில் ஜெய்சங்கர் நடித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), பின்னர் ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) எனச் சேலத்து நிறுவனம் உளவாளிப் படங்களை ஒரு தனி உட்பிரிவாகவே வளர்த்தது.

தேவர் இன்னொரு வழியில் சென்றார். ‘தாய்க்குப் பின் தாரம்’ (1956) முதலே அவர் படங்களில் விலங்குகளுக்கு முதன்மையான இடம் உண்டு. ‘ஆட்டுக்கார அலமேலு’ (1977) அவ்வரிசையில் பெருவெற்றி கண்டது. ‘துணைவன்’ (1969), ‘தெய்வம்’ (1972) ஆகியவற்றில் முருகன் சமகால மனிதரின் துயரில் துணைக்கு வந்தார். மன்னர் காலத்துச் சாமி படம் இவ்வாறு குடும்பப் படத்தோடு சேர்ந்து, பக்திப் படத்தின் புதிய கிளையாயிற்று.

சட்டைப்பைக்குள் மர்மம்

1980களில் ரசிகரின் கைக்கு மாத நாவல் வந்தது. கோவையைச் சேர்ந்த ராஜேஷ்குமார் 1500க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். அவருடைய விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி ஆகிய இணைகள் வாசகர் வீட்டு மனிதர்களைப் போலவே ஆனார்கள். ஒரு பேருந்துப் பயணத்தில் அல்லது ஷிப்டு முடிந்த ஓர் இரவில் முடிக்கக்கூடிய அளவு, எளிய விலை, பெட்டிக்கடையில் கிடைக்கும் வசதி ஆகிய மூன்றும் திருப்பூர் பனியன் கம்பெனியின் வேலை நேரத்துக்குப் பொருந்தின. கட்டிங் மேசையிலும் ஓவர்லாக் மெஷினிலும் நாள் முழுவதும் நின்றும் அமர்ந்தும் உழைத்தவருக்கு, கடைசிப் பக்கத்தில் உண்மை வெளிவந்தே தீரும் என்ற உறுதி பெரிய ஆறுதல். இதை மலிவான ரசனை என்று தள்ளுவது அந்த உழைப்பாளியின் மனத்தை அறியாத பேச்சு.

திரையிலும் இதே காலத்தில் சூலூர் மணிவண்ணன் ‘நூறாவது நாள்’ (1984) மூலம் மர்மக் கொலைப் படத்துக்குப் புதிய முகம் தந்தார். கோவைக்காரரான சத்யராஜின் மொட்டைத்தலை வில்லன் வேடம் அதனால் நிலைத்தது. 1990களில் இந்திரா சௌந்தர்ராஜனின் ‘மர்மதேசம்’ தொலைக்காட்சித் தொடர், காவல் தெய்வமே தண்டிக்கிறதோ என்ற அச்சத்தையும் துப்பறிதலையும் ஒருங்கே சேர்த்தது. தெய்வமா, வேடமா என்ற பூண்டியின் பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. ராஜேஷ்குமாரின் நாவல் ‘குற்றம் 23’ (2017) என்று திரைக்கு வந்தபோது, மாத நாவலும் திரைப்படமும் மீண்டும் கைகோத்தன.

மீளாதவற்றின் இலக்கியம்

இந்த ஓட்டத்துக்கு எதிராக இன்னொரு மரபும் இதே மண்ணில் உண்டு. இன்றைய திருப்பூர் மாவட்டத்துக் கீரனூரில் பிறந்த ஆர். சண்முகசுந்தரம் எழுதிய ‘நாகம்மாள்’ (1942) தமிழ் வட்டார நாவலின் முன்னோடி. கணவனை இழந்தவள் தன் நிலப் பங்கைக் கேட்கிறாள். கதை கொலையில் முடிகிறது. வேடம் கலைவதுமில்லை, பொருள் மீள்வதுமில்லை. திருப்பூர் சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ (1998) சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்ட கதையைச் சொன்னது. 13 ஆண்டுகள் கழித்து, 2011 ஜனவரியில், சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. நாவல் வைத்த முறையீட்டின் நியாயத்தை அந்த ஆணை உணர்த்தியது. ஆயினும் பறிபோன ஆறு சுந்தரரின் பொன்னைப் போல வாயிலுக்கு வந்து சேரவில்லை.

முடிவுரை

கொங்குநாட்டு ரசிகரின் விருப்ப வகைகள் தெய்வத்திலிருந்து இளவரசனுக்கும், இளவரசனிலிருந்து நல்ல கள்ளனுக்கும், அவனிடமிருந்து துப்பறிவாளனுக்கும் நகர்ந்தன. மீட்பவன் மாறினான், மீட்பு மாறவில்லை. மீட்பு நேராத இடத்தை வட்டார நாவல் எழுதிவைத்தது. மலர்ந்த முகத்தை ஒரு மரபும் வாடிய முகத்தை மற்றொன்றும் ஏற்றுக்கொண்டன. பூண்டியில் இரண்டும் ஒரே மண்டபத்தில்தான் நிற்கின்றன. ஆய்வாளர்களும் இவ்விரண்டையும் பிரிக்காமல் படிக்க வேண்டும்.

அதற்கு மூலங்கள் வேண்டும். பாட்டுப் புத்தகங்களும் பட நோட்டீசுகளும் மாத நாவல்களும் இன்று பழைய பேப்பர் கடைகளில் எடைக்குப் போகின்றன. ஒரு தொழிலாளர் சமூகம் எதை இழந்து எதைத் திரும்பப் பெற ஏங்கியது என்பதற்கான ஆவணங்கள் அவை. நம் கல்லூரிகளும் நூலகங்களும் அவற்றை இப்போதே சேகரித்தால், இந்தப் பறிபோதலையாவது தடுக்கலாம்.