விமானத்துக்கு ஒரு பேன்ட்

கொக்கு பறப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நீண்ட கால்களைத் தொங்கப்போட்டுக்கொண்டு பறக்காது. பின்னால் நீட்டி உடம்போடு ஒரே கோடாக வைத்துக்கொள்ளும். கொக்குக்குத் தெரிந்த இந்தச் சங்கதி விமானம் கட்டியவர்களுக்கு உறைக்க ரொம்ப நாள் ஆயிற்று.

1920-களின் கடைசியில் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில், 20 அடி விட்டமுள்ள காற்றுச் சுரங்கத்தில் ஸ்பெர்ரி மெசஞ்சர் என்ற குட்டி விமானத்தை நிறுத்திச் சோதித்தார்கள். பகீரென்றது. அளந்த காற்றுத் தடையில் ஏறக்குறைய 40 சதவீதம் சக்கரமும் அதன் கால்களும் செய்த வேலை!

ஏன்? உருண்டையான கம்பியின் பின்னால் காற்று சுழித்து, கம்பியைப் பின்னுக்கு இழுக்கிறது. அதே கம்பிக்கு மீன் உடம்பு போல ஒரு உறை போட்டால் சுழிப்பு அடங்கிவிடும். ஒரு கம்பி கொடுக்கும் தடையைத்தான் அதைப்போல சுமார் 10 மடங்கு தடிமனான மீன் வடிவமும் கொடுக்கும். நம்பக் கஷ்டம்தான், ஆனால் உண்மை.

இரண்டு வழி பிறந்தது. 1933-ல் வந்த போயிங் 247 போலக் காலையே மடக்கிக்கொள்வது ஒன்று. அதற்கு எடையும் செலவும் அதிகம். இன்னொன்று, சக்கரத்துக்கு உறை மாட்டுவது. அமெரிக்கர்கள் அதை 'வீல் பேன்ட்' என்றார்கள். பிரிட்டிஷ்காரர்கள் 'ஸ்பாட்ஸ்' என்றார்கள், அதாவது ஷூவில் சேறு படாமல் மாட்டும் உறை. வேடிக்கை என்னவென்றால், சேறுதான் அதற்கு எமன். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யச் சேறு உறைக்குள் அடைத்துக்கொள்ள, ஜெர்மானியர்கள் ஸ்டூகா விமானங்களின் சக்கர உறைகளைக் கழற்றிவிட்டுப் பறந்தார்கள்.

பெரிய விமானங்கள் காலை மடக்கப் பழகிவிட்டன. உறையைக் காப்பாற்றியவர்களில் முக்கியமானவர்கள், வீட்டு ஷெட்டில் சொந்தமாக விமானம் கட்டும் ஆசாமிகள். 1971-ல் ரிச்சர்ட் வான்குருன்ஸ்வன் பறக்கவிட்ட ஆர்.வி.-3 மடங்காத கால் கொண்டதுதான். அந்த வரிசையில் இதுவரை 10,000-க்கும் மேற்பட்டவை பறந்திருக்கின்றன.

உறை ஃபைபர் கிளாஸ். மாட்டுவதுதான் பாடு. முதலில் விமானத்தைத் தூக்கி, பறக்கும் நிலையில் மட்டம் பார்க்கவேண்டும். பிறகு நம்ம ஊர் கொத்தனார் போலத் தூக்குக்குண்டு கட்டித் தரையில் நடுக்கோடு போடவேண்டும். உறை அந்தக் கோட்டுக்கு இணையாக நிற்கவேண்டும். டயருக்கு இடைவெளி குறைந்தால் உரசும், கூடினால் காற்று புகும். ஆகவே கொஞ்சம் அறுத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி அறுத்து...

கால் உறை லேசாகத் திரும்பியிருந்தாலும் அது சுக்கான் மாதிரி வேலை செய்யும். விமானம் ஒரு பக்கமாக இழுக்கும். ஷெட்டில் சோம்பல்பட்டவர் வானத்தில் வழியெல்லாம் பெடலை மிதித்துக்கொண்டே போகவேண்டியதுதான்.