படிகள் புரண்ட சரித்திரம்: ராயகிரி மலையடிவாரமும் நவீன சமூகக் கோட்பாடுகளும்

ஐரோப்பியச் சமூக சாஸ்திரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் செய்து தந்த ஏணி நம் பல்கலைக்கழகங்களில் இன்றும் சாத்தியபடியே நிற்கிறது. இரத்த உறவாலும் ஊர்ப்பற்றாலும் பிணைந்த வாழ்வு தேய்ந்து, ஒப்பந்தத்தாலும் இலாபக் கணக்காலும் பிணையும் வாழ்வு தலையெடுக்கும் என்று 1887-இல் டோனீஸ் எழுதினார்; தொழிற்பிரிவினை பெருகப் பெருகப் புதுவகை ஒருமைப்பாடு பிறக்கும் என்று 1893-இல் துர்கைம் வாதித்தார்; பின்வந்தோர் பின்நவீனத்துவம், உலகமயமாதல் என்னும் இரண்டு படிகளை மேலே சேர்த்தனர். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கடியில் சிவகிரி, ராயகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி எனத் தொடரும் ஊர்களின் நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரத்தை அந்த ஏணியோடு ஒப்பிட்டால், படிகள் இடம் மாறிக் கிடப்பதைக் காணலாம். உலகச் சந்தை முதலில் வந்தது. ஆலையும் இரயிலும் அதன் பின்னர் வந்தன. கலைந்தொழிய வேண்டிய உறவுமுறையோ கலையாதது மட்டுமன்றி, புதுமைக்கே வாகனமாகவும் அமைந்தது.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு செல்லும் வழியை அடைத்தபோது, திருநெல்வேலிச் சீமையின் கரிசல் பருத்திக்குக் கடல் கடந்த கிராக்கி உண்டாயிற்று. தூத்துக்குடிக்கு இரயில் வந்ததோ 1876-இல். பாபநாசத்து நீர்விசையைக் கொண்டு ஹார்வி ஆலை எழுந்தது 1885-இல். செங்கோட்டைக் கணவாயைக் கடந்து கொல்லத்துக்கு வண்டி ஓடியது 1904-இல். விருதுநகர்–தென்காசி இருப்புப்பாதை 1927-இல் போடப்பட்ட போதும், அது சங்கரன்கோவில் பக்கமாக வளைந்து சென்றமையால், ராயகிரியும் அதன் அண்டையூர்களும் மலையடிவாரச் சாலையையே நம்பியிருந்தன. இத்தனைக்கும் நடுவே சிவகிரியில் ஜமீன் நீடித்திருந்தது. அதற்கு முடிவு கட்டியது 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமே. ஒரே பிரதேசத்தில், ஒரே தலைமுறையில், லிவர்பூல் பஞ்சு விலையும் ஜமீன் தீர்வையும் ஒருசேர ஆட்சி செய்தன என்பதை எந்தப் படியில் அடக்குவது?

சாதியமைப்பு முதலாளித்துவத்தின் வளர்ச்சிக்கு இடையூறு என்பது மாக்ஸ் வெபரின் சித்தாந்தம். வடக்கே விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களில் நாடார் வணிகர்கள் வளர்த்த மகமை முறை அதற்கு நேர்மாறான சாட்சியம் கூறுகிறது. சரக்கின் மீது சிறு தொகை பிடித்துப் பொதுநிதி சேர்த்து, பேட்டைகளைக் காத்து, 1880-களிலேயே விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலையையும் நிறுவிய உறவின்முறை என்னும் அவர்களுடைய சாதிச் சங்கம், ஐரோப்பியர் பங்குக் கம்பெனிக்கும் நகரசபைக்கும் விட்ட காரியங்களைத் தானே செய்தது. 1899-இல் சிவகாசியில் நாடார்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தை நினைக்கும்போது, இவ்வளர்ச்சி அமைதியாக நடந்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் பட்ட அவமதிப்பே இங்கே அமைப்பைக் கூர்மையாக்கிற்று என்பது என் அபிப்பிராயம். மரபு நவீனத்தின் பகையன்று என்று 1967-இல் அரசியல் அறிஞர்களான ருடால்ஃப் தம்பதியர் எழுதியதற்கு மகமைக் கணக்கேடுகள் போதிய ஆதாரம்.

கடையநல்லூரின் வரலாறு இதனினும் விசித்திரமானது. கைத்தறி நலிந்தபோது அவ்வூர் முஸ்லிம் நெசவாளர்கள் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் கப்பலேறினர். தமிழகத்தின் பிற முஸ்லிம் வணிகர்களில் பெரும்பாலோர் குடும்பத்தை ஊரில் விட்டுச் செல்ல, கடையநல்லூராரும் தென்காசியாரும் பெண்டு பிள்ளைகளோடு சென்று சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளராய்க் குடியேறினர். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. அது 1946-இல் நிறுவிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி 1982 வரை நடந்தது. ஊர்ப்பெயர் தாங்கிய சங்கம் அயல்நாட்டில் பள்ளிக்கூடம் நடத்துகிறது. அப்பள்ளிக்கோ எட்டயபுரத்தோடு தொடர்புடைய ஒரு புலவரின் பெயர். டோனீஸ் தேயுமென்று சொன்ன ஊர்ப்பற்று, கடலைக் கடந்த பின்னரே தனக்கென நிர்வாகக் குழுவை அமைத்துக்கொண்டது.

உறவுகள் இடத்தினின்று கழன்று விடுவதே நவீனத்தின் இயல்பு என்று 1990-இல் சமூகவியலாளர் கிடன்ஸ் சொன்னது இங்கே பாதியளவே பொருந்துகிறது. உலகமும் உள்ளூரும் ஒன்றையொன்று உண்டாக்குகின்றன என்ற சமூகவியலாளர் ராபர்ட்சனின் கருத்தே எனக்கு உவப்பானது. பெருங்கதையாடல்களில் நம்பிக்கை அற்றுவிட்டது என்று 1979-இல் பிரெஞ்சுத் தத்துவஞானி லியோதார் அறிவித்தார். மேற்கூறிய ஏணியும் அத்தகைய ஒரு பெருங்கதையாடல் என்பதை அவர் சீடர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. அந்த ஏணிக்கு அடங்காதவை இன்றும் உண்டு: 2011 முதல் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் அந்நியச் சந்தைக்கான மென்பொருளைத் தயாரித்து வருகிறது. அதற்குத் தொழிற்சாலை நகரம் எதுவும் முன்படியாக வேண்டியிருக்கவில்லை. 2025-இல் புளியங்குடி எலுமிச்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு இடமளித்த 1999-ஆம் ஆண்டுச் சட்டம், உலக வர்த்தக நிறுவனத்தின் உடன்படிக்கைக்கு இணங்க இந்தியா இயற்றியது. அவ்வுடன்படிக்கை இல்லாதிருப்பின், புளியங்குடி என்னும் ஊர்ப்பெயர் சட்டத்தால் காக்கப்படும் சொத்தாக ஆகியிராது.