வேட்டைத் துப்பாக்கியும் புகைப்படக் கருவியும்: சபரகமுவ மலைகளிலிருந்து யால கடற்கரை வரை

காட்டு விலங்கை அதன் இருப்பிடத்திற் கண்டு, படம்பிடித்து, அதற்கு ஊறு செய்யாது மீள்வது இன்று நாகரிக மாந்தரின் இனிய பொழுதுபோக்காகக் கருதப்படுகின்றது. ஆயினும் இப்பார்வை இயல்பாகத் தோன்றியதன்று. விலங்கைக் கொன்று மகிழ்ந்த ஒரு காலத்தின் வழியாகவே அதனைக் கண்டு மகிழும் காலம் பிறந்தது. அவ்வரலாற்றிற் சபரகமுவத் தோட்டப்புறங்களுக்கும் ஓர் இடமுண்டு. அது பெரிதும் பேசப்படாத இடமாகும்.

இரத்தினபுரியிலிருந்து பெல்மதுளை, எம்பிலிப்பிட்டி வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வோர், தேயிலையும் இறப்பரும் போர்த்த மலைகளை விட்டிறங்கி, வறண்ட சமவெளியைக் கடந்து அம்பாந்தோட்டைக் கடற்கரையை அடைவர். அங்கிருந்து திஸ்ஸமஹாராம வழியே சென்றால் யால தேசிய பூங்கா எதிர்ப்படும். வைகறையில் வாயில் திறந்ததும் ஜீப் வண்டிகள் வரிசையாக உட்செல்கின்றன. குளக்கரையிற் புள்ளிமான்களும் காட்டெருமைகளும், சேற்றில் முதலைகளும், ஆழமற்ற நீரில் மஞ்சள் மூக்கு நாரைகளும் தென்படுகின்றன. பாலைப்பழம் பழுக்கும் பருவத்திற் கரடிகள் மரமேறுகின்றன. பாறைமீது ஒரு சிறுத்தை படுத்திருப்பின், கருவிகள் யாவும் அத்திசை திரும்புகின்றன. நண்பகலிற் பட்டநங்கலைக் கடற்கரையில் இறங்கி நிற்போர், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையில் அங்கு மாண்டோர்க்கான நினைவுச் சின்னத்தையும் காண்கின்றனர். மாலையிற் புழுதி படிந்த உடையோடும் நிறைந்த படங்களோடும் மீள்கின்றனர்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. மலைநாட்டில் வாழ்வோர் யானையைக் காண ஏன் கடற்கரைக்குச் செல்லவேண்டும்? ஒரு காலத்தில் அம்மலைகளிலேயே யானைகள் உலாவின. இன்று இறக்குவானை, சிங்கராஜப் பகுதிகளில் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கன. ஏனையவை எங்குச் சென்றன?

இதற்கான விடையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தேடவேண்டும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசின் உடைமையாகக் கொள்ள வழிவகுத்தது. அந்நிலங்கள் கோப்பிப் பயிர்ச்செய்கைக்காக விற்கப்பட்டன. காடழிந்த இடத்திற் பயிர் வந்தது. பயிரை மிதித்த யானை பகையாயிற்று. அதனைக் கொல்வோர்க்கு அரசே வெகுமதி வழங்கியது. குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் தெனன்ட் 1859 இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் இதற்கான கணக்கைத் தருகின்றார். 1848 இற்கு முற்பட்ட மூன்றாண்டுகளுக்குக் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. 1851 இற்கும் 1856 இற்குமிடையே காலிக்கும் அம்பாந்தோட்டைக்கும் இடைப்பட்ட தென்பகுதியில் 2,000 யானைகள் மாண்டன. எனவே, யானையைக் காண இன்று மக்கள் திரளும் தென்கரையும் அன்று கொலைக்களமாகவே இருந்தது.

இக்கொலை அரச ஊழியரின் வீர விளையாட்டாகவும் விளங்கியது. மேஜர் றோஜர்ஸ் என்பவர் 1,400 இற்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகத் தெனன்ட் குறிப்பிடுகின்றார். அவர் 1845 இல் அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். வீதிகளை அமைப்பித்த ஸ்கின்னரும் சில நூறு யானைகளைச் சுட்டவரே. காட்டினூடே பாதை சமைத்தவரும் காட்டுயிரை வீழ்த்தியவரும் ஒருவராகவே இருந்தமை அக்காலத்தின் இயல்பை நன்கு உணர்த்துகின்றது.

இவ்வழிவில் தோட்டத் தொழிலாளர் வகித்த பங்கு யாது? பெருங்காட்டை வெட்டி வீழ்த்தும் வேலையைச் சிங்களக் கிராமத்தவர் ஒப்பந்தத்திற் செய்ததுண்டு. வெட்டிய நிலத்தைத் துப்புரவாக்கிக் குழிவெட்டிக் கன்று நட்டோர், பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கங்காணிமாரால் அழைத்துவரப்பட்ட தொழிலாளரே. 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி அழிந்தபின் அதே கைகள் தேயிலையையும், கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பரையும் நட்டன. காட்டை அழிக்க முடிவு செய்தவர்கள் அவர்களல்லர். அழிவினால் வந்த செல்வமும் அவர்களைச் சேரவில்லை. வேட்டைக் கதைகளில் துரையின் பெயர் நின்றது. சுமை தூக்கியவனின் பெயர் நிற்கவில்லை.

விலங்குகள் அருகிய பின்னரே காப்புணர்வு தோன்றியது. 1894 இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. அதனை நிறுவியோர் வேட்டைப் பிரியர்களே. சுடுவதற்கு விலங்கு இல்லாது போய்விடுமோ என்ற அச்சமும் அவர்களைச் செயற்படத் தூண்டியது. 1900 இல் யால பகுதி காப்பிடமாக ஒதுக்கப்பட்டது. போயர் யுத்தக் கைதியாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஏங்கல்பிரெக்ட் என்பவரே அதன் முதற் காவலரானார். எனினும் அதனை அடுத்துள்ள நிலப்பகுதி உள்நாட்டில் வதியும் வேட்டைக்காரர்க்கென விடப்பட்டிருந்தது. ஒருபுறம் காப்பு, மறுபுறம் வேட்டை என்னும் இரட்டைநிலை பல்லாண்டு தொடர்ந்தது.

இந்நிலையிற் பெருமாற்றத்தை ஏற்படுத்தியது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமாகும். 1938 இல் யாலவும் வில்பத்துவும் தேசிய பூங்காக்களாயின. தேசிய பூங்காவினுள் விலங்குகளையும் தாவரங்களையும் ஆராய்வதற்கும் அவதானிப்பதற்குமே நுழைதல் வேண்டும் என இச்சட்டம் கொண்டது. பார்த்தல் என்பது இவ்வாறு சட்டத்தின் மொழியில் இடம்பெற்றது. துப்பாக்கி நின்ற இடத்திற் புகைப்படக் கருவி வந்து நின்றமைக்கு இதுவே அடிப்படை எனலாம்.

எனினும் யால காடு உல்லாசப் பயணிகளுக்கு முன்னரே தமிழரின் காலடிகளை அறிந்திருந்தது. உகந்தையிலிருந்து குமணை, கும்புக்கன் ஓயா, யால ஆகியவற்றைக் கடந்து கதிர்காமம் செல்லும் பாதயாத்திரிகர், விலங்குகள் உலாவும் அவ்வழியே வேலை மட்டும் துணையாகக் கொண்டு நடந்தனர். ஆண்டுதோறும் அப்பாதை இன்றும் திறக்கப்படுகின்றது. அவர்கள் காட்டைக் காட்சிப்பொருளாகக் கொள்ளவில்லை. கடந்துசெல்லும் வழியாகவும் இறைவனின் எல்லையாகவும் கொண்டனர்.

சபரகமுவவிலும் காப்புமுயற்சிகள் பின்னர் நிகழ்ந்தன. 1972 இல் சபரகமுவ, ஊவா எல்லையில் உடவளவை தேசிய பூங்கா அமைந்தது. அதற்காக அங்குச் சேனைப்பயிர் செய்தோர் வெளியேற்றப்பட்டனர். 1975 இல் கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் ஐந்து குட்டிகளோடு யானைகள் காப்பகம் தொடங்கியது. ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்தில் நடந்த மரம் வெட்டுதல் மக்களின் எதிர்ப்பினால் 1977 இல் நிறுத்தப்பட்டது. 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. இவையாவும் போற்றத்தக்கனவே. ஆயினும் காப்பிடத்தின் எல்லைக்கு வெளியே விலங்கு இல்லை என்னும் எண்ணத்தையும் இவை வளர்த்துவிட்டன.

அவ்வெண்ணம் தவறானது என்பதை ஒரு நிகழ்ச்சி உணர்த்துகின்றது. 2020 மே மாதம், சிவனொளிபாத மலையடிவாரத்து நல்லதண்ணித் தோட்டப்பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியிற் சிக்கியது. உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும் அது இறந்தது. மரக்கறிப் பாத்தியைக் கிளறும் காட்டுப்பன்றிக்காகவே தோட்டங்களில் இத்தகைய கம்பிகள் வைக்கப்படுகின்றன. பன்றிக்கு வைத்தது சிறுத்தைக்கு எமனாகின்றது.

கடற்கரையிற் சிறுத்தையைப் படம்பிடிக்க நூறு கருவிகள் காத்திருக்கின்றன. மலையிலோ, அதே இனம் தேயிலைச் செடிகளினிடையே லயங்களுக்கு அண்மையில் வாழ்ந்து யாருமறியாது மடிகின்றது. அதனோடு அன்றாடம் நிலத்தைப் பகிர்ந்துகொள்வோர் தோட்டத் தொழிலாளரே. அவர்களது பாத்திக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு அளிக்காது, கம்பி வைத்தவனை மட்டும் குற்றஞ்சாட்டுதல் நீதியாகாது. வெகுமதி கொடுத்து ஆயிரக்கணக்கில் யானைகளைக் கொல்வித்த ஆட்சியின் வரலாற்றை மறந்து, ஏழையின் கம்பியை மட்டும் நினைவிற்கொள்வது வரலாற்றுணர்வும் ஆகாது.

துப்பாக்கியிலிருந்து புகைப்படக் கருவிக்கு மாறியது மாந்தரின் உயர்ந்த மாற்றமே. ஆனால், கருவியின் சட்டகத்துள் விலங்கு மட்டுமே அடங்குமாயின் அம்மாற்றம் பாதியளவினதாகவே இருக்கும். அவ்விலங்கு வாழ்ந்த மலையும், அம்மலையில் உழைத்த மனிதரும் அச்சட்டகத்துள் இடம்பெறும் நாளிலேயே பார்வை முழுமை பெறும்.