ஒரு வாரமும் பத்து நாழிகையும்

மீமிசல் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் பாக் நீரிணை தெரியும். அதற்கும் வங்கக் கடலுக்கும் அப்பால் சிங்கப்பூர் என்றோர் ஊர் உண்டென்பது இவ்வட்டாரத்துச் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி. உறவில் எவரேனும் அங்குப் போயிருப்பார்.

முன்னாளில் அப்பயணத்தை மேற்கொண்டவர்கள் கரையோரமாக வடக்கே நாகப்பட்டினம் சென்று கப்பலேறினர். 1926 இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’, சென்னையிலும் நாகையிலும் ஆளேற்றி, பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அந்த ஒரு வாரத்தை வெறும் காலக் கணக்காகக் கருதலாகாது. தந்தை மறைந்தார் என்ற தந்தி விரைவில் கிடைத்துவிடும். மகனோ அடுத்த கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். கருமாதிக்கு வந்து சேர்ந்தால் அதுவே பெரிது.

‘ரஜூலா’ 1973 வரை அவ்வழியில் ஓடியது. பின்வந்த ‘சிதம்பரம்’ 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றியது, பலர் மாண்டனர். அத்துடன் அந்தக் கப்பல் வழி முடிவுற்றது.

இன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூருக்கு வான்வழி ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர். நான்கு மணி நேரம், அதாவது பத்து நாழிகை. கிழக்கே கடல் கடக்கப் போகிறவர் முதலில் கடலுக்கு முதுகு காட்டித் திருச்சிக்குப் புறப்படுவது ஒரு வேடிக்கை. கடிகாரமும் சற்று விளையாடும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. ஆதலால் போகும்போது ஆறரை மணியாகத் தோன்றும் பயணம், வரும்போது ஒன்றரை மணியாகச் சுருங்கிவிடும்.

காலையில் செய்தி கேட்ட மகன், விமானத்தில் இடம் கிடைத்தால், அடக்கத்துக்கு முன்பே வந்துவிடக்கூடும். திருச்சியிலிருந்து மீமிசல் வரும் சாலைதான் அவனுக்கு நீண்டுகொண்டே போகும்.