போர்ஷே 911 தானுந்தில் காற்றுப்பதன அமைப்பை நீக்குதல்

போர்ஷே 911 தானுந்தில் காற்றுப்பதன அமைப்பை நீக்குதல் என்பது, காற்றால் குளிர்விக்கப்படும் பொறி கொண்ட பழைய 911 விளையாட்டுத் தானுந்துகளிலிருந்து ஏசி கருவிகளைக் கழற்றி எடுக்கும் பணியாகும். எடையைக் குறைப்பதற்காகவோ, பழுதடைந்த அமைப்பைச் சீர்செய்வதைத் தவிர்ப்பதற்காகவோ உரிமையாளர்கள் இதனைச் செய்கின்றனர். பழைய அமைப்புகளில் உள்ள குளிர்பதனப் பொருள் ஓசோன் படலத்தைச் சிதைக்கக்கூடியது. ஆகவே இது இயந்திரவியல் பணியாக மட்டுமல்லாமல், சுற்றுச்சூழல், பாதுகாப்பு ஆகியவை சார்ந்த பணியாகவும் கருதப்படுகிறது. இக்கட்டுரை 1989 வரை தயாரிக்கப்பட்ட 911 வகைகளைப் பற்றியது.

பின்னணி

போர்ஷே 911 முதன்முதலில் 1963 இல் பிராங்க்பர்ட் தானுந்துக் கண்காட்சியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இதன் ஆறு உருளைப் பொறி பின்சக்கர அச்சுக்கும் பின்னால் அமைந்துள்ளது. எனவே தானுந்தின் மொத்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு பின்பக்கத்தில் விழுகிறது. பொறியின் மேல் பொருத்தப்படும் அமுக்கியும், பொறி மூடியில் பொருத்தப்படும் ஒடுக்கியும் இந்தப் பின்பாரத்தை மேலும் கூட்டுகின்றன. வளைவுகளில் பின்பகுதி வெளிப்புறமாகச் சறுக்கும் இயல்புடைய இத்தானுந்தில், பின்னால் குறையும் ஒவ்வொரு கிலோகிராமும் கவனிக்கத்தக்கது.

எடைக்காக வசதிகளைத் துறப்பது போர்ஷே நிறுவனமே கடைப்பிடித்த வழக்கமாகும். 1973 ஆம் ஆண்டின் கரேரா ஆர்எசு 2.7 தானுந்தின் இலகுரக வகை, அதன் வசதிமிக்க வகையைவிடச் சுமார் 100 கிலோகிராம் எடை குறைந்தது. 1987 முதல் 1989 வரை சிறு எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட கரேரா கிளப் இசுபோர்ட் வகையில் காற்றுப்பதனம், பின் இருக்கைகள் போன்றவை தவிர்க்கப்பட்டன.

அமைப்பு

காற்றுப்பதன அமைப்பின் முக்கிய உறுப்புகள் பின்வருமாறு:

அமுக்கி: பொறியின் சுழல்தண்டிலிருந்து பட்டை மூலம் இயங்குவது. மின்காந்தப் பற்றி ஒன்று தேவைக்கேற்ப இதனை இணைத்தும் விடுவித்தும் இயக்குகிறது.

ஒடுக்கி: சூடான வளிமத்தைக் குளிர்வித்து நீர்மமாக்குவது. பல 911 வகைகளில் ஒன்று பொறி மூடியின் அடியிலும் மற்றொன்று தானுந்தின் முன்பகுதியிலும் உள்ளன.

உலர்த்தி: நீர்மத்தில் கலந்துள்ள ஈரத்தை உறிஞ்சுவது.

விரிவாக்க வால்வும் ஆவியாக்கியும்: அழுத்தம் குறைந்த நீர்மம் ஆவியாகி, உள்ளே செல்லும் காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் பகுதி. இது முன்பக்கப் பெட்டி அறையை ஒட்டி அமைந்துள்ளது.

அமுக்கி பின்னாலும் ஆவியாக்கி முன்னாலும் இருப்பதால், இவற்றை இணைக்கும் இரப்பர்க் குழாய்கள் தானுந்தின் முழு நீளத்துக்கும் ஓடுகின்றன. இரப்பர் முதுமையடையும்போது குளிர்பதனப் பொருள் சிறிது சிறிதாகக் கசிகிறது. பழைய 911 தானுந்துகளில் குளிர்ச்சி குறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணமாகும். மேலும், பொறி மூடியின் அடியில் உள்ள ஒடுக்கியைக் கடந்து செல்லும் காற்று, வெப்பமேறிய பின்னரே பொறியின் விசிறியை அடைகிறது. பொறியே காற்றால் குளிர்விக்கப்படுவதால், இது விரும்பத்தக்கதன்று.

குளிர்பதனப் பொருள்

இக்காலத் தானுந்துகளில் ஆர்-12 எனப்படும் டைகுளோரோடைபுளோரோமெத்தேன் பயன்படுத்தப்பட்டது. வளிமண்டல அழுத்தத்தில் இதன் கொதிநிலை சுமார் -30 °செ ஆகும். குளோரின் கொண்ட இத்தகைய சேர்மங்கள் ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்பதை மரியோ மொலினா, செர்வுட் ரோலண்டு ஆகியோர் 1974 இல் எடுத்துரைத்தனர். இதற்காக 1995 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு, பவுல் குருட்சனுடன் சேர்த்து அவர்களுக்கு வழங்கப்பட்டது. 1987 இல் கையெழுத்தான மொண்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 1995 ஆம் ஆண்டின் இறுதியுடனும், வளரும் நாடுகளில் 2010 இலும் இதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது.

ஆர்-12 வளிமண்டலத்தில் ஏறத்தாழ 100 ஆண்டுகள் தங்குகிறது. 100 ஆண்டுக் கணக்கில், ஒரு கிலோகிராம் ஆர்-12 ஏறத்தாழ 10 டன் கரியமில வாயுவுக்கு ஒப்பான வெப்பமேற்றும் விளைவைத் தருகிறது. எனவே குழாயைத் தளர்த்தி இதனைக் காற்றில் திறந்துவிடுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றமாகும். ஐக்கிய அமெரிக்காவில் இத்தடை 1992 முதல் நடைமுறையில் உள்ளது.

நீக்கும் முறை

முதல் வேலை, உரிய பயிற்சி பெற்ற பணியாளர் மூலம் குளிர்பதனப் பொருளை மீட்புக் கருவியால் உறிஞ்சி, கலனில் சேமிப்பதாகும். இதற்கு முன் எந்தக் குழாயையும் தளர்த்தலாகாது. குளிர்ச்சி தராத அமைப்பிலும் அழுத்தத்துடன் வளிமம் எஞ்சியிருக்கலாம்.

மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்த பின், அமுக்கியின் பட்டையும், மின்காந்தப் பற்றிக்குச் செல்லும் கம்பியும், குழாய்களும், அமுக்கியும், அதன் தாங்கியும் கழற்றப்படுகின்றன. 911 தானுந்தில் குளிர்விக்கும் விசிறியையும் மின்னாக்கியையும் வேறொரு பட்டை இயக்குகிறது. எனவே அமுக்கியின் பட்டையை எடுப்பதால் இவை பாதிக்கப்படுவதில்லை.

அடுத்து ஒடுக்கிகள், உலர்த்தி, ஆவியாக்கி, நீண்ட குழாய்கள் ஆகியவை எடுக்கப்படுகின்றன. கழற்றிய உறுப்புகளின் வாய்களை உடனே அடைத்துவிட வேண்டும். இல்லாவிடில் காற்றின் ஈரமும் தூசியும் உட்புகுந்து அவற்றைக் கெடுக்கும். உடற்பகுதியில் எஞ்சும் துளைகளை இரப்பர் அடைப்பான்களால் மூட வேண்டும். மூடாத துளை வழியே நீர் புகுந்து துருப்பிடிக்கும். தனித்து விடப்படும் மின்கம்பிகளின் முனைகளைக் காப்பிட வேண்டும்.

ஒடுக்கியை எடுத்தபின் பொறி மூடி இலகுவாகிவிடும். கனமான மூடிக்கென அமைந்த தாங்குதண்டுகளின் விசை மிகுதியாகி மூடியை வளைக்கக்கூடும் என்பதால், அவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

பழைய 911 தானுந்தில் உள்ளறையைச் சூடாக்கும் காற்று, வெளியேற்றுக் குழாய்களைச் சூழ்ந்த வெப்பமாற்றிகளிலிருந்து வருகிறது. எனவே காற்றுப்பதனத்தை நீக்கினாலும் சூடாக்கும் வசதி தொடர்ந்து இயங்கும்.

பாதுகாப்பு

நீர்ம நிலையிலுள்ள ஆர்-12 தோலிலோ கண்ணிலோ பட்டால் உறைபுண் ஏற்படும். இதன் ஆவி காற்றைவிடச் சுமார் 4 மடங்கு அடர்த்தியானது. பழுதுபார்க்கும் குழிகளில் இது தேங்கி உயிர்வளியை வெளித்தள்ளுவதால் மூச்சுத் திணறல் நேரலாம். தீச்சுடரில் பட்டால் ஐதரசன் குளோரைடு, ஐதரசன் புளோரைடு, சிறிதளவு பொசுசீன் ஆகிய நச்சு வளிமங்களாகச் சிதைகிறது. ஆகவே எஞ்சிய வளிமம் உள்ள குழாய்களுக்கு அருகில் பற்றவைப்புப் பணி செய்யலாகாது.

நன்மைகளும் குறைகளும்

எடை குறைதல், பொறியை எளிதில் அணுகிப் பழுதுபார்க்க இயலுதல், பொறிக்குத் தடையற்ற காற்று கிடைத்தல் ஆகியன நன்மைகள். வெப்பமான நாடுகளில் பயன்பாட்டு வசதி குன்றுவது முதன்மையான குறையாகும். மேலும், தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் தானுந்தையே சேகரிப்பாளர்கள் பலர் விரும்புகின்றனர்.

இதனால், நீக்கிய உறுப்புகளைப் பெயரிட்டுப் பாதுகாத்து வைப்பது நல்ல வழக்கமாகும். உடற்பகுதியை வெட்டாமல் கழற்றினால், பின்னாளில் அமைப்பை மீண்டும் பொருத்த முடியும். நீக்குவதற்கு மாற்றாக, கசிவைத் தடுக்கும் புதிய குழாய்கள், புதிய உலர்த்தி, ஏற்ற உயவு எண்ணெய் ஆகியவற்றுடன் அமைப்பை ஆர்-134ஏ குளிர்பதனப் பொருளுக்கு மாற்றிக்கொள்வதும் உண்டு. இது ஓசோனைச் சிதைப்பதில்லை. எனினும் புவி வெப்பமாதலுக்கு இதுவும் காரணமாவதால், இதனையும் காற்றில் திறந்துவிடலாகாது.