அரசியலமைப்பை மாற்ற மக்களிடம் வாக்கெடுப்பா? நாம் அறிய வேண்டியவை

"அரசியல் சட்டத்தை மாற்றுவதற்கு நாடு முழுவதும் ஓட்டு எடுக்கப் போகிறார்களாமே ஹஜ்ரத், 'வேண்டாம்' என்று நாம் எங்கே பதிவு செய்வது?"

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ஜும்ஆ முடிந்து வெளியே வரும் வேளையில் இந்தக் கேள்வி நம்மிடம் பலமுறை கேட்கப்பட்டிருக்கிறது. கேட்பவரின் கையில் செல்போன் இருக்கும். அதில் யாரோ அனுப்பிய ஒரு எண்ணும், மிஸ்டு கால் கொடுத்தால் எதிர்ப்பு பதிவாகிவிடும் என்ற வாசகமும் இருக்கும். வீட்டுப் பெண்கள் உட்பட எல்லோரும் அழைத்துவிட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

அவர்களின் அக்கறை பாராட்டுக்குரியது. ஆனால் அந்த அழைப்பு எந்தக் கணக்கிலும் சேராது. ஏனெனில் நம் நாட்டில் அரசியலமைப்பை மாற்றுவதற்குப் பொது வாக்கெடுப்பு என்ற ஏற்பாடே கிடையாது. அப்படியானால் யார் மாற்றுகிறார்கள், எப்படி மாற்றுகிறார்கள், அதில் நம் பங்கு எங்கே இருக்கிறது?

சட்டம் சொல்லும் வழி

அரசியலமைப்பின் 368-வது பிரிவுதான் திருத்தத்திற்கான வழி. திருத்த மசோதாவை மக்களவையும் மாநிலங்களவையும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டும். ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலானோரும், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் அனைவரும் வாக்களித்தால் 362 பேர் தேவை. 245 பேர் கொண்ட மாநிலங்களவையில் 164 பேர் தேவை.

குடியரசுத் தலைவர் தேர்தல், உயர் நீதிமன்றங்கள், மத்திய - மாநில அதிகாரப் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம் போன்றவற்றைத் தொடும் திருத்தம் என்றால், குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஒப்புதல் தர வேண்டும்.

இதை நம் ஊர்க் கணக்கில் பார்ப்போம். ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் விருதுநகர் மாவட்டத்து ஊர்கள். ஆனால் இரண்டு சட்டமன்றத் தொகுதிகளும் தென்காசி மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. ஆக, ஒரு திருத்தம் வந்தால் நமக்காக மக்களவையில் கை உயர்த்துபவர் தென்காசி எம்.பி. ஒருவர். மாநிலங்களவையில் தமிழகத்திற்கு உள்ள 18 பேரைத் தேர்ந்தெடுப்பவர்கள் எம்.எல்.ஏ.க்கள். அந்த 234 பேரில் நம் இரு ஊர்களின் எம்.எல்.ஏ.க்களும் அடக்கம். சட்டமன்ற ஒப்புதல் தேவைப்பட்டால் அங்கும் அவர்களுக்கு வாக்கு உண்டு. நாம் தேர்தல் நாளில் போட்ட ஓட்டு இப்படித்தான் அரசியலமைப்பு வரை போய்ச் சேருகிறது.

நம் ஊர்க்காரர் காலத்தில் வந்த முதல் திருத்தம்

1950 ஜனவரி 26 அன்று அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்தின் பி.எஸ்.குமாரசாமி ராஜா. அப்போது கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி அரசாணை நடப்பில் இருந்தது. ஒவ்வொரு 14 இடங்களிலும் ஓர் இடம் முஸ்லிம்களுக்கு என்று அதில் ஒதுக்கப்பட்டிருந்தது. சண்பகம் துரைராஜன் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது.

தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தைக் கொண்டுவந்து 15(4) பிரிவைச் சேர்த்தது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசுக்கு வழி திறந்தது அந்தப் பிரிவுதான். கல்லூரிச் சேர்க்கையில் நம் பிள்ளைகள் இன்று பெறும் 3.5 சதவீத உள் ஒதுக்கீடு 2007-ல் வந்தது. அதற்கான வேர் 1951-ல் இருக்கிறது.

அன்றும் மக்களிடம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. மக்கள் தெருவில் பேசினார்கள், பிரதிநிதிகள் அவையில் பேசினார்கள், சட்டம் மாறியது. அரசியலமைப்புத் திருத்தம் என்றாலே நமக்குக் கேடு என்று நினைப்பதும் சரியல்ல என்பதற்கு இதுவே சாட்சி.

ஓர் அரசு வாக்கெடுப்புக்குத் தயாரான கதை

பொது வாக்கெடுப்பைக் கொண்டுவர ஓர் அரசு முயன்றதும் உண்டு. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-ல், 42-வது திருத்தம் மக்களவையின் ஆயுளை ஆறு ஆண்டுகளாக நீட்டியது. திருத்தங்களை நீதிமன்றம் கேள்வி கேட்கவே முடியாது என்றும் எழுதிவைத்தது. 1977 தேர்தலில் ஆட்சி மாறியது. மொரார்ஜி தேசாய் அரசு அந்தச் சேதங்களைச் சரிசெய்ய 1978-ல் ஒரு மசோதா கொண்டுவந்தது. அப்போது சட்ட அமைச்சர் சாந்தி பூஷண்.

அந்த மசோதாவில் ஒரு புதிய ஏற்பாடு இருந்தது. நாட்டின் மதச்சார்பற்ற, ஜனநாயகத் தன்மையைக் குலைக்கும் திருத்தம், அடிப்படை உரிமைகளைக் குறைக்கும் திருத்தம், நேர்மையான தேர்தலையோ நீதித்துறையின் சுதந்திரத்தையோ பாதிக்கும் திருத்தம் ஆகியவை வந்தால், நாடாளுமன்றம் நிறைவேற்றினாலும் போதாது. மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும். அதில் வாக்காளர்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் பங்கேற்று, பதிவான வாக்குகளில் பெரும்பான்மை ஆதரிக்க வேண்டும்.

மக்களவை இதை ஏற்றது. அன்று காங்கிரஸ் பலமாக இருந்த மாநிலங்களவை இந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது. எஞ்சிய பகுதிகள் 44-வது திருத்தமாக வந்தன. மக்களவையின் ஆயுள் மீண்டும் ஐந்தாண்டுகளானது. நெருக்கடி நிலையிலும் உயிர்வாழும் உரிமையைப் பாதுகாக்கும் 21-வது பிரிவை நிறுத்திவைக்க முடியாது என்ற காப்பும் வந்தது.

வாக்கெடுப்பு வந்திருந்தால் நமக்கு நல்லதா?

மேலோட்டமாகப் பார்த்தால் மக்களிடமே கேட்பது நல்லதாகத்தான் தோன்றும். ஆனால் அந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். மதச்சார்பின்மையையும் அடிப்படை உரிமைகளையும் வாக்கெடுப்பு இன்றி மாற்ற முடியாது என்றால், வாக்கெடுப்பில் வென்றுவிட்டால் மாற்றலாம் என்றுதானே பொருள்? மேலே சொன்ன 51 சதவீதக் கணக்குப்படி, மொத்த வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலானோர் நினைத்தாலே போதும்.

இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். 1982 டிசம்பர் 22 அன்று ஜே.ஆர்.ஜெயவர்தன அரசு, 1977-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றத்தைப் பொதுத்தேர்தல் இன்றி மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டிக்க மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தியது. விளக்குச் சின்னம் ஆதரவுக்கு, பானைச் சின்னம் எதிர்ப்புக்கு. நெருக்கடி நிலை நடப்பில் இருக்கும்போதே வாக்குப்பதிவு நடந்தது. 54 சதவீதத்திற்குச் சற்று மேலான வாக்குகளுடன் விளக்கு வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்து மக்கள் பெருவாரியாக எதிர்த்தும், நாட்டு மொத்தக் கணக்கில் அந்தக் குரல் கரைந்துபோனது.

சுவிட்சர்லாந்தில் 2009 நவம்பர் 29 அன்று, புதிய மினாராக்கள் கட்டத் தடை விதிக்கும் அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அப்போது அந்த நாடு முழுவதும் இருந்த மினாராக்கள் நான்கே நான்கு. அரசும் நாடாளுமன்றமும் திருத்தத்தை நிராகரிக்கும்படி மக்களைக் கேட்டுக்கொண்டன. 57.5 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். தடை அரசியலமைப்பில் ஏறிவிட்டது.

சிறுபான்மையினர் தங்கள் வழிபாட்டுரிமையைத் தலைக்கணக்கில் வென்றெடுக்க முடியாது. அதனால்தான் மத சுதந்திரமும், கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையும் 25 முதல் 30 வரையிலான பிரிவுகளில் அடிப்படை உரிமைகளாக வைக்கப்பட்டுள்ளன. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வு, 7-6 என்ற கணக்கில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றம் திருத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. இந்தக் காப்பு இருக்கும்வரை, எத்தனை பெரிய பெரும்பான்மைக்கும் ஓர் எல்லை உண்டு.

கருத்துக்கேட்பு வேறு, வாக்கெடுப்பு வேறு

குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 2023 ஜூன் மாதம் சட்ட ஆணையம் பொது சிவில் சட்டம் குறித்துப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. உடனே வாட்ஸ்அப்பில் எண்கள் சுற்றின. அவற்றுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று ஆணையமே அறிவிக்க வேண்டியதாயிற்று.

வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்கு 97 லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் வந்தன. ஆனால் மனுக்களை எண்ணி யாரும் முடிவு செய்யவில்லை. 2025 ஏப்ரலில் மக்களவையில் 288-232, மாநிலங்களவையில் 128-95 என்ற வாக்குகளே முடிவு செய்தன. கவனியுங்கள், அது அரசியலமைப்புத் திருத்தம் அல்ல, சாதாரணச் சட்டம். மூன்றில் இரண்டு பங்கு தேவைப்படவில்லை. திருமணம், வாரிசுரிமை போன்றவையும் பொதுப் பட்டியலில் இருப்பதால் அவற்றைச் சாதாரணச் சட்டத்தாலேயே தொட முடியும். நம் குடும்பங்களைப் பாதிப்பவை பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன.

கருத்துக்கேட்பில் பங்கேற்பது வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. பெயரும் முகவரியும் இட்டு, எந்தப் பிரிவு ஏன் கூடாது என்று காரணத்தோடு எழுதிய மனு குழுவின் ஆவணத்தில் சேரும். பிறகு நீதிமன்றம் போனாலும் உதவும். மிஸ்டு கால் அப்படி எங்கும் சேராது.

நம் கடமை

கலந்தாலோசனையை முஃமின்களின் பண்புகளில் ஒன்றாகத் திருக்குர்ஆன் அஷ்ஷூரா அத்தியாயத்தில் (42:38) எடுத்துரைக்கிறது. உமர் (ரலி) அவர்களுக்குப் பின் கலீஃபாவைத் தேர்வு செய்யும் பொறுப்பேற்ற அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், மதீனத்து மக்களிடம் மூன்று நாட்கள் ஆலோசனை கேட்டார்கள். பெண்களிடமும் கேட்டதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அதே குர்ஆன்தான் வந்த செய்தியைத் தீர விசாரிக்கவும் (49:6) கட்டளையிடுகிறது. ஆலோசனையும் விசாரணையும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

ஆகவே, வீட்டில் 18 வயது நிறைந்த ஒவ்வொருவரின் பெயரும், மருமகளாக வந்த பெண்ணின் பெயரும் வாக்காளர் பட்டியலில் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அவசரச் செய்தி வந்தால் பிறருக்கு அனுப்பும் முன் விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள். மசோதா ஒன்று வரும்போது ஜமாஅத்தினர் சேர்ந்து எம்.பி.யையும் எம்.எல்.ஏ.வையும் நேரில் பார்த்து எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். அவையில் எப்படி வாக்களித்தார் என்பதையும் பின்னர் கேளுங்கள். இந்த நாட்டின் அரசியலமைப்பு எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவான ஒப்பந்தம். அதைக் காக்க அக்கம்பக்கத்துச் சகோதரச் சமயத்தாரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

உண்மையை அறிந்து, ஒற்றுமையோடு செயல்பட்டு, நம் உரிமைகளையும் நாட்டின் நலனையும் காக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக! ஆமீன்.